கடல் கொண்ட கண்டமா, கடலில் பிறந்த தரையா?

கடந்த ஆண்டு ஈப்போவில் நடந்த ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான போட்டி அது. ஏழாவதாக மேடையேறிய மாணவி குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசினார். ஆப்பிரிக்கா தொடங்கி ஆஸ்திரேலியா வரை பரந்து கிடந்த பெருநிலம். அதில் தமிழ் வளர்த்த நாடுகள் நாற்பத்தொன்பது. ஒரு நாள் பூமி பிளந்தது, எரிமலைகள் வெடித்தன, கண்டம் முழுவதும் கடலுக்குள் இறங்கியது. குரல் ஏறி இறங்கிய விதத்தில் மண்டபமே கட்டுண்டு கிடந்தது. முதல் பரிசு அவருக்கே. நானும் அவருக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்தேன்.

நடுவர் கருத்துரைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். லகர, ளகர, ழகர உச்சரிப்பைப் பற்றிப் பேசினேன். மெய்ப்பாட்டைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்ன கருத்து உண்மையா என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் நிலவியல் படித்தவன். அந்தக் கருத்து உண்மையன்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், கைதட்டி முடித்த கூட்டத்தின் முன் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை நம் பேரவையின் இந்த ஆண்டு மலரிலாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே உரையை, ஏறக்குறைய அதே சொற்களில், அதே ஊரில், இருபது ஆண்டுகளுக்கும் முன்னர் நானும் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அப்போது நான் படிவம் நான்கு மாணவன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த என் பாட்டி, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வீடு திரும்பும் வழியில், "அம்மாம் பெரிய ஊருங்கிறியே, அதுல எத்தனை லயம் இருந்துச்சுய்யா?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். பாட்டிக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வரைபடம் கேட்ட கேள்வி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, விரிவுரை முடிந்த ஒரு மாலையில், உடன் படித்த மலாய் நண்பரிடம் குமரிக்கண்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாடநூலில் இருந்த ஒரு வரைபடத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். உலகக் கடல்தரையின் வயதைக் காட்டும் வரைபடம் அது. இளைய தரைக்குச் சிவப்பு, மூத்த தரைக்கு நீலம், இடையில் மற்ற நிறங்கள். இந்தியப் பெருங்கடலைக் காட்டி, "உங்கள் கண்டம் இதில் எந்த நிறம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை இன்று நான் உங்கள் முன் வைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள, பூமியின் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டு தட்டுகள் விலகும்போது நடுவில் பள்ளம் விழுந்து, அதில் நிலம் மூழ்கிவிடும் என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். நடப்பது வேறு. தட்டுகள் விலகும் வேகம் ஆண்டுக்குச் சில செண்டிமீட்டர்தான்; நம் விரல்நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். அவை விலக விலக, கீழேயிருக்கும் மூடகத்தின் சூடான பாறை மேலெழுகிறது. ஆழத்தில் அந்தப் பாறையை அழுத்திக்கொண்டிருந்த எடை, மேலே வரவரக் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் பாறையின் ஒரு பகுதி உருகிவிடுகிறது. இதற்குப் புதிதாக வெப்பம் எதுவும் தேவையில்லை. பிரஷர் குக்கரில் 100 பாகைக்கும் மேல் சூடேறிய நீர், மூடியின் அழுத்தம் விலகிய கணத்தில் கொதித்து எழுவதைப் போன்றது இது.

உருகிய குழம்பு பிளவின் வழியாக ஏறிக் கடல்நீரில் பட்டுக் குளிர்ந்து, 'பசால்ட்' என்னும் கரும்பாறையாக இறுகுகிறது. அதுதான் புதிய கடல்தரை. அது மீண்டும் பிளக்கிறது. மீண்டும் குழம்பு ஏறுகிறது. இப்படி உலகப் பெருங்கடல்களின் நடுவே ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடர் ஓடுகிறது. பூமியின் உள்ளிருந்து வெளிவரும் பாறைக் குழம்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஆளில்லாத இந்த ஆழ்கடலில்தான் வெளிவருகிறது. இங்கும் நிலநடுக்கங்கள் உண்டு. ஆனால் மேலோடு மெல்லியதாகவும் சூடாகவும் இருப்பதால் அவை ஆழமற்றவை, பெரும்பாலும் சிறியவை, கூட்டங்கூட்டமாக வந்து ஓய்பவை.

ஆகவே, தட்டுகள் விலகும் இடத்தில் பழைய கண்டம் மூழ்குவதில்லை. இதுவரை இல்லாத தரை அங்கே பிறக்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை தாமே விளங்கும்.

இலெமூரியா இருந்ததாகச் சொல்லப்பட்ட கடலிலேயே

இலெமூரியா என்ற பெயரைத் தந்தவர் தமிழரல்லர். 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் வாழும் 'இலெமூர்' என்னும் விலங்கின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடினார். இரண்டுக்கும் இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகமே. கண்டங்கள் நகரும் என்று அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. பின்னர் அந்த ஊகத்தை, கடல்கோள் பற்றிய நம் இலக்கியச் செய்திகளோடு நாம் இணைத்துக்கொண்டோம்.

அறிவியல் அந்த ஊகத்தைக் கைவிட்ட கதை நம்மில் பலருக்குத் தெரியாது. அது நடந்த இடமும் இந்தியப் பெருங்கடல்தான். அரபிக்கடலின் தெற்கே, கடலுக்கடியில் ஒரு மலைத்தொடர் இருக்கிறது. 1928 முதல் 1930 வரை உலகக் கடல்களைச் சுற்றிய டென்மார்க்கின் 'டானா' ஆய்வுப் பயணத்தில் அறியப்பட்டு, பயணத்துக்குப் பணம் தந்த அறக்கட்டளையின் பெயரால் 'கார்ல்ஸ்பெர்க் தொடர்' என்று அழைக்கப்படுகிறது. (ஆம், நம் ஊர்க் கடைகளில் காணும் அதே பெயர்தான். மலைமேல் குற்றமில்லை.) 1962இல் 'ஓவன்' என்ற பிரிட்டிஷ் கப்பல் அத்தொடரின் ஒரு பகுதியின் காந்தத்தன்மையை அளந்தது. அந்த அளவீடுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் பிரெடரிக் வைனும் டிரமண்ட் மேத்யூசும் 1963இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்.

பூமியின் காந்தப் புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் திரும்பிவிடும். கடைசியாக அது முழுமையாகத் திரும்பியது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. குழம்பு இறுகிப் பாறையாகும்போது, அன்றைய காந்தத் திசை அதில் பதிந்துவிடுகிறது. மலைத்தொடரில் தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்வது உண்மையானால், கடல்தரையில் இத்திசைகள் மாறி மாறிப் பட்டைகளாகப் பதிந்திருக்க வேண்டும். அவ்வாறே பதிந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் பெருங்கடல்களிலும் அது உறுதியானது. மூழ்கிய கண்டம் இருந்ததாகச் சொல்லப்பட்ட அதே கடலில், கடல்தரை பிறக்கிறது என்பதற்கான சான்று கிடைத்தது.

இன்று ஆழ்கடல் தரையைத் துளைத்துப் பாறை எடுத்திருக்கிறார்கள். குமரிமுனைக்குத் தெற்கே விரியும் பெருங்கடல் தரையின் பெரும்பகுதி பசால்ட் பாறை. அதன் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். நம் மனித இனம் தோன்றியதோ ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். நாற்பத்தொன்பது நாடுகள் இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆழ்கடல்தான் இருந்தது.

"மொரீசியசில் பழைய கண்டத்தின் துண்டு கிடைத்ததே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2013இலும் 2017இலும் வெளிவந்த ஆய்வுகள், அத்தீவில் பழங்கண்டப் பாறையின் நுண்துகள்கள் இருப்பதைக் காட்டின. செய்செல்ஸ் தீவுகளில் பலவும் கருங்கல்லால் ஆனவை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தபோது கிழிந்த விளிம்புகள் அவை. அன்று அவற்றின் மேல் நடந்திருக்கக்கூடியவை டைனோசார்கள். சங்கப் புலவர்கள் அல்லர்.

நம் வாசலுக்கு அருகில்

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். ஈப்போவிலிருந்து வடமேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்குள், அந்தமான் கடலின் அடியில், தட்டுகள் விலகிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய 40 இலட்சம் ஆண்டுகளாக அங்கே புதிய தரை பிறந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த 'அல்காக்', 'செவெல்' என்னும் இரண்டு கடலடி மேடுகள் இன்று இரு கரைகளாக விலகி நிற்கின்றன. இந்தப் பிளவின் வடமுனை மியன்மாரின் சாகாயிங் பிளவோடு தொடர்புடையது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நடுங்கி அந்நாட்டை உலுக்கியது அந்தச் சாகாயிங் பிளவுதான். அங்கே நிலம் பக்கவாட்டில் உராய்கிறது.

2004 டிசம்பர் 26ஐ நம்மால் மறக்க முடியாது. சுமத்திரா கடற்கரையில் 9.1 அளவு நிலநடுக்கம். கெடாவிலும் பினாங்கிலும் கடல் ஏறியது. நம் நாட்டில் 68 உயிர்கள் பலி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். சிறுமியாக இருந்தபோது என் பாட்டி 'ரஜூலா' கப்பலேறியது அதே நாகப்பட்டினத்தில்தான். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே அவர் அன்று சோறு தொடவில்லை.

அந்தச் சுனாமியைத் தட்டுகள் விலகியது உண்டாக்கவில்லை. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் செருகும் இடத்தில் எழுந்தது அது. சரியாக ஒரு மாதம் கழித்து, 2005 ஜனவரி இறுதியில், நிக்கோபாருக்கு அருகே அந்தமான் பிளவின் தென்மேற்குப் பகுதி விழித்துக்கொண்டது. சில நாள்களுக்குள் 5க்கும் மேற்பட்ட அளவில் நூற்றுக்கும் அதிகமான நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. சில, நிலம் பக்கவாட்டில் உராய்ந்ததால் வந்தவை. சில, விலகிச் சரிந்ததால் வந்தவை. உலகில் பதிவான நிலநடுக்கக் கூட்டங்களில் மிக வலியவற்றுள் ஒன்று அது. ஆனால், நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சுனாமிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். முன்னது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பிளவில், சில நிமிடங்களில் எல்லாச் சக்தியையும் கொட்டியது. பின்னது சிறு சிறு அதிர்வுகளாகப் பிரித்துக் கொடுத்தது.

சுனாமிக்குப் பிறகு, "பார்த்தீர்களா, குமரிக்கண்டம் இப்படித்தான் மூழ்கியது" என்று மேடைகளில் பேசினார்கள். கணக்கைப் பார்ப்போம். பல பத்தாண்டுகளில் உலகம் கண்ட மிகப்பெரிய நிலநடுக்கம் அது. அதில், மகா நிக்கோபார் தீவின் தென்முனையான இந்திரா முனை ஏறக்குறைய 4 மீட்டர் தாழ்ந்தது. பெருங்கடலின் சராசரி ஆழம் 4,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கண்டத்தை அந்த ஆழத்துக்கு இறக்க, அத்தகைய நிலநடுக்கம் ஆயிரம் முறையாவது அதே இடத்தில் நிகழ வேண்டும்.

கண்டம் பிளப்பதை நேரில் காண வேண்டுமானால் எத்தியோப்பியாவின் அஃபார் பாலைக்குப் போக வேண்டும். 2005 செப்டம்பரில் அங்கே 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் விலகியது. சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகி, கீழிருந்து குழம்பு ஏறி இடைவெளியை நிரப்பியது. இன்னும் பல இலட்சம் ஆண்டுகளில் அங்கே கடல் புகலாம். அந்தக் கடலின் தரையும் புதிதாகவே பிறந்திருக்கும்.

பேராக் மண்ணின் பயணம்

சிறுவயதில் தம்புன் வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போதெல்லாம், "அடியில் எரிமலை இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தம்புனிலும் சுங்கை கிளாவிலும் எரிமலை இல்லை. மழைநீர் கருங்கல்லின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகி, மீண்டும் மேலே வருகிறது. அவ்வளவுதான்.

ஆனால், பேராக் மண்ணுக்கு உண்மையிலேயே ஒரு பெரிய பிரிவின் கதை உண்டு. தீபகற்பத்தின் மேற்குப் பாதி, ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, தெற்கே 'கோண்டுவானா' என்ற பெருங்கண்டத்தோடு ஒட்டியிருந்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அந்தாட்டிக்காவும் அதன் பகுதிகளே. லங்காவித் தீவின் பாறைகளில், பனிப்பாறைகள் சுமந்துவந்து கடலில் போட்ட கற்கள் இன்றும் பதிந்திருக்கின்றன. வெயில் காயும் லங்காவி ஒரு காலத்தில் பனிக்கடலின் ஓரம். பின்னர் தட்டுகள் விலகின. நம் நிலத்துண்டு கழன்று வடக்கே நகர்ந்தது. பின்னால் புதிய கடல் திறந்தது. நிலவியலாளர்கள் அந்தத் துண்டைச் 'சிபுமாசு' என்பார்கள். அது வடக்கே போய் மற்றொரு நிலத்தோடு மோதிய தழும்புதான் பெந்தோங் ரவூப் கோடு. அந்த மோதலின் சூட்டில் உருவான கருங்கல்தான் தித்திவாங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி. அந்தக் கருங்கல்லோடு வந்ததுதான் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம்.

ஈயலம்பங்கள் இல்லையேல் ஈப்போ இல்லை. தைப்பூசத்தன்று நாம் காவடி எடுத்துச் செல்லும் கல்லுமலையோ, கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்.

'கோண்டுவானா' என்ற பெயரும் நம் கவனத்துக்குரியது. நடு இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் பெயரால், 1870களில் அங்குள்ள பாறைகளுக்கு நிலவியலாளர்கள் இட்ட பெயர் அது. பின்னர் ஆஸ்திரிய அறிஞர் எடுவர்ட் சூயஸ் அதைப் பெருங்கண்டத்துக்கே சூட்டினார். கோண்டி, தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த திராவிட மொழி. உலகத்துப் பாடநூல்கள் அனைத்திலும் இருக்கும் அப்பெயரை நாம் எந்தப் பேச்சுப்போட்டியிலும் சொல்வதில்லை.

இலக்கியம் பொய்யா?

அப்படியானால் சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் சொல்லும் கடல்கோள் பொய்யா என்று தமிழ் படிக்கும் நண்பர்கள் கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. கரையோர நிலத்தைக் கடல் விழுங்கும் என்பதற்கு 2004ஐ விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. மேலும், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தமிழகத்திலிருந்து ஈழத்துக்கு நடந்து போகலாம். பேராக்கிலிருந்து சுமத்திராவுக்கும் நடந்து போகலாம். மலாக்கா நீரிணை அன்று தரை. பனி உருகக் கடல் ஏறியது, கரைகள் மறைந்தன. மனிதர்கள் வாழ்ந்து, உண்மையிலேயே மூழ்கிய நிலம் அதுதான். அது நம் லூமுட் கரைக்கு எதிரிலேயே இருக்கிறது. புலவர்கள் கேட்டறிந்த கடல்கோள் எது என்பதை ஆராயலாம், ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சியில், மூழ்கிய கரையை மூழ்கிய கண்டமாக ஊதிப் பெரிதாக்குவது இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தமிழின் தொன்மைக்குச் சங்கப் பாடல்கள் போதும். கல்வெட்டுகள் போதும். கீழடி போன்ற அகழாய்வுகள் தரும் சான்றுகள் போதும். அவற்றோடு பொய்யான கண்டத்தையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவன் கண்டத்தை நம்பாததோடு நிற்கமாட்டான்; கீழடியையும் நம்பமாட்டான். என் மலாய் நண்பர் நல்லவர். எல்லாரும் அவரைப் போல மென்மையாகக் கேட்க மாட்டார்கள். மேடையில் கைதட்டல் வாங்கிய நம் பிள்ளை, நாளை ஒரு விரிவுரை அறையில் தலைகுனிய நேர்ந்தால், அதற்குப் பொறுப்பு அவருக்கு மதிப்பெண் போட்ட நம்மைத்தான் சேரும்.

ஆகவே, போட்டி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்வன்மைக்குப் புள்ளிகள் வைத்திருக்கிறீர்கள், சான்றுக்கும் வையுங்கள். நம் பேரவையும், நிலவியலும் இயற்பியலும் படிக்கும் தமிழ் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்துத் தமிழில் பேச வைக்கலாம். 'மூடகம்', 'புவித்தட்டு' போன்ற சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த ஆள்தான் வேண்டும்.

கடைசியாக, பாட்டியின் கேள்வி. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் வேலை செய்த தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு அதையும் அழித்துத் தாமான் கட்டினார்கள். அந்தத் தோட்டத்தில் எத்தனை லயம் இருந்தது என்று இன்று யாரேனும் என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. பாட்டி அந்தத் தோட்டத்துக்குச் சொன்ன தமிழ்ப் பெயர் நான் தேடிய எந்த வரைபடத்திலும் இல்லை. இல்லாத கண்டத்தின் நாற்பத்தொன்பது நாடுகளை மனப்பாடம் செய்த நான், இருந்த தோட்டத்தின் கணக்கை அவர் உயிரோடு இருந்தபோது கேட்டு எழுதி வைக்கவில்லை.

அடுத்த முறை அந்த மாணவியைச் சந்தித்தால் இரண்டையும் சொல்வேன். முதலில், கடல்தரை பிறக்கும் கதை. அடுத்து, வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும்படி. குரல் வளம் அவரிடம் இருக்கிறது. அந்த உரையைக் கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன்.